நீல வயரின் ஒட்டு

முதலில் ஸ்குரூத் தலைகளைப் பார்க்கவேண்டும். எந்தப் பழைய ரேடியோவைக் கையில் எடுத்தாலும் அதுதான் முதல் வேலை, மினுக்கத்தையும் பெயரையும் பார்த்து மயங்கக்கூடாது, பின்மூடியின் ஸ்குரூத் தலையில் இருக்கிற சிலுவைப் பள்ளம் கூராக இருந்தால் உள்ளே ஒருவரும் கைவைக்கவில்லை, விளிம்பு உதிர்ந்து வட்டமாகப் போயிருந்தால் யாரோ ஒருவன் பொருந்தாத ஆயுதத்தால் அவசரமாகத் திறந்திருக்கிறான், உள்ளே என்ன செய்துவிட்டு மூடினான் என்று அவனைத்தான் கேட்கவேண்டும். இங்கே நாலு ஸ்குரூ. மூன்று கூராக இருக்கின்றன. இடது கீழ்மூலையில் இருக்கிற நாலாவது உதிர்ந்திருக்கிறது. அதை உதிர்த்தது எங்கள் அம்மாவின் மரக்கறி வெட்டும் கத்தி, கத்தியைப் பிடித்திருந்தது என் கை, அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, இப்போது நாற்பத்தெட்டு, எதிரே தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்கிற இரத்தினேஸ்வரி அக்காவுக்கு இது ஒன்றும் தெரியாது. "சீனி காணுமோ தம்பி?" "காணும் அக்கா." தேத்தண்ணியை ஒரு வாய் குடிக்கிறேன். கேட்கவேண்டும். இன்றைக்குக் கேட்காவிட்டால் பிறகு இல்லை, வியாழக்கிழமை இவ கனடாவுக்கு மகளிடம் போகிறா, விறாந்தை முழுக்கக் கட்டின பெட்டிகள், சுவரில் கழற்றின படங்களின் வெள்ளைச் சதுரங்கள். நான் ஜேர்மனியில், பிறேமனில் இருந்து திரும்பி வந்து நாலு மாதம். இவ போகிறா, நான் வந்திருக்கிறேன், நடுவில் இந்த ரேடியோ.

உள்ளூர்ச் சாமான் விற்கிற வாட்ஸ்அப் குழுவில் இதன் படம் வந்தபோது நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அம்மி, இரண்டு கதிரை, ஒரு தையல் மெசின், ஒரு சிற்றலை ரேடியோ. விரலால் படத்தைப் பெருப்பித்தேன், பெருப்பித்த இடத்தில் சோற்றுக் கறை. பெட்டியின் பின்பக்க ஓட்டையால் சிவப்பும் நீலமுமாக இரண்டு வயர்கள் வெளியே வந்து தொங்கின. அந்த ஓட்டை எந்தத் தொழிற்சாலையிலும் போட்ட ஓட்டை இல்லை, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் உருக்கின ஓட்டை, அதன் உதடு எப்படிச் சுருண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கையைக் கழுவாமல் இவவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஆர் பேசுறது?" "நிமலன், அக்கா. பழைய ரேடியோ சேர்க்கிறனான்." என் பெயர் நிமலரூபன், ஊரில் என்னை ரூபன் என்பார்கள், நிமலன் என்று என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை, வாய் தானாகவே பெயரை நடுவில் வெட்டி மற்றப் பாதியைக் கொடுத்தது. தலையில் மயிர் இல்லை, கண்ணாடி, நரைத்த தாடி, எப்படி அடையாளம் தெரியும், அந்தக் காலத்தில் இவ என்னை நாலைந்து முறைதான் பார்த்திருப்பா, வந்துபோனவர் இவவின் கணவர், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தியாகலிங்கம் அண்ணை. பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். பாரம் இருக்கிறது. பாரம் நல்ல குறி, உள்ளே இரும்புச் சட்டம் போட்டிருக்கிறான். மெதுவாகக் குலுக்குகிறேன், காதுக்குக் கிட்ட, ஏதாவது கழன்று உருளுகிறதா. ஒன்றும் உருளவில்லை. வலது மேல்மூலையில் ஒரு வெடிப்பு, நகத்தை விட்டுப் பார்க்கிறேன், பழைய வெடிப்பு, உள்ளே ஊத்தை ஏறிக் கறுத்திருக்கிறது, விளிம்பில் உராய்ந்த கீறல்கள், கல்லில் உராய்ந்தமாதிரி, தாரில் உராய்ந்தமாதிரி. அண்ணை அன்றைக்கு இதைக் கொண்டு போனாரா? சைக்கிள் கரியரில் இதைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாரா? "இது எங்கயோ விழுந்திருக்கு போல," என்கிறேன், என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, பேரம் பேச வந்தவனின் குரல். "விழாமலே? இடம்பெயர்ந்து போகேக்க ரக்ரர் பெட்டியில இருந்து விழுந்தது. நான் இறங்கி ஓடிப்போய் எடுத்தனான். பின்னால வந்த சனமெல்லாம் என்னைத் திட்டினது." மூச்சு கொஞ்சம் இறங்குகிறது. ரக்ரரில் இருந்து விழுந்தது. சந்தியில் விழவில்லை. அப்படியென்றால் அண்ணை இதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார். பழுதான ரேடியோவை வீட்டில் விட்டுவிட்டு, வந்து திருத்து என்று என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கலாம்தானே. மூச்சு மறுபடி ஏறுகிறது.

ஏரியலை இழுத்துப் பார்க்கிறேன், ஏழு துண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம் மறுத்து, பிறகு வருகிறது, அப்படித்தான் வரவேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. குமிழைத் திருப்புகிறேன், திருப்பின உடனேயே முள் அசைகிறது, நூல் தளரவில்லை. அலைவரிசை மாற்றுகிற ஆழி டக் டக் என்று மூன்று இடத்திலும் விழுகிறது. நல்ல வேலை. செய்தவன் மனமாகச் செய்திருக்கிறான். தொழிற்சாலையில் இருபது வருடம் நான் செய்த வேலை இதுதான், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குள் போகிற பச்சை மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, பிடித்த ஈய ஒட்டு, பிடிக்காத ஒட்டு என்று பிரிப்பது, பிடிக்காததற்குச் சிவப்புப் பொட்டு. என்னை அங்கே கண்டிப்பானவன் என்பார்கள். மற்றவன் விடுகிறதை நான் விடமாட்டேன். ஏன் இப்படிப் பயப்படுகிறாய், இது தோய்க்கிற மெசின்தானே, பழுதானால் ஒருத்தனும் சாகமாட்டான் என்று ஒருமுறை மேசைத் தோழன் சிரித்தான், நானும் சிரித்தேன், அன்று பார்த்து முடித்த பலகைகளை எல்லாம் மறுபடி முதலில் இருந்து பார்த்தேன். "என்ன தம்பி, பொம்பிளை பாக்க வந்தவை மாதிரித் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள்? சாதகமும் வேணுமோ?" அக்கா தன் பகிடிக்குத் தானே சிரிக்கிறா, முன்பல் ஒன்று இல்லை. "சாதகம் உள்ளுக்க இருக்குது அக்கா. திறந்து பாக்கலாமோ?" "திறவுங்கோ. பதினொரு மணிக்கு இன்னொராள் வாறன் எண்டவர், சுன்னாகத்தில இருந்து. அதுக்குள்ள முடிவைச் சொல்லுங்கோ." பத்து நாற்பது. இருபது நிமிடம். இருபத்தொன்பது வருடமும் இருபது நிமிடமும்.

அப்போது பற்றறி இல்லை. இன்றைக்கு இதை ஒருவருக்குச் சொன்னால் கதை என்று நினைப்பார்கள், யுத்தத் தடை, பற்றறி ஊருக்குள்ளே வரக்கூடாது, கரண்ட் எப்போதோ போய்விட்டது, ஆனால் செய்தி கேட்காமல் உயிரோடு இருக்க ஏலாது, எங்கே ஷெல் விழுகிறது, எந்த றோட்டால் போகலாம், எந்தச் சந்தியில் நிற்கக்கூடாது. அதனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வருகிற கரண்டில் ரேடியோ கேட்டோம். நேரே கொடுத்தால் ரேடியோ எரிந்துவிடும், நடுவில் சின்னச் சாமான் ஒன்றிரண்டு வைத்து ஈயத்தால் பற்றவேண்டும், அதை எங்கள் பக்கத்தில் நான்தான் செய்தேன். கரண்ட் இல்லாத ஊரில் பற்றுகிற கோலுக்கு எங்கே போவது, தடித்த செம்புக் கம்பியைச் சிரட்டைக்கரி நெருப்பில் போட்டுப் பழுக்க வைத்து, ஓடிவந்து ஒட்டுவேன், ஒரு சூட்டுக்கு ஒரு ஒட்டு, இரண்டாவதற்குக் கம்பியை மறுபடி நெருப்பில் போடவேண்டும். தொண்ணூற்றைந்து ஆடி, தியாகலிங்கம் அண்ணை காலையில் இதைக் கொண்டுவந்து தந்தார். சிவப்பு வயரை ஒட்டினேன். நீல வயரை எடுத்தேன். கம்பி ஆறியிருந்தது, ஆறியிருந்தது என்று எனக்குத் தெரியும், ஈயம் மினுங்காமல் சாம்பல் நிறமாகத் திரண்டு நின்றது, மறுபடி சூடாக்கியிருக்கவேண்டும். அம்மா உள்ளே இருந்து கூப்பிட்டா, கஞ்சி ஆறுது, ரூபன். பசி. இழுத்துப் பார்த்தேன், வந்துவிடவில்லை, காணும் என்று மூடினேன். மத்தியானம் அண்ணை வந்தார். "படிக்குமோடா? சத்தம் வருமோ?" "படிக்கும் அண்ணை. வேகமாச் சுத்தாதேங்கோ, எரிஞ்சிடும். மூச்சு விடுற வேகத்தில சுத்துங்கோ." "என்ன தரோணும்?" "ஒண்டும் வேண்டாம்." கொண்டு போனார். அன்று ஆறேகால் செய்தியில், சந்திப் பக்கம் நிற்கிற சனம் விலகுங்கோ என்று சொன்னார்கள். கேட்ட சனம் விலகியது. ஏழு மணிக்கு முன்னமே ஷெல் விழுந்தது. கேளாத மூன்று பேர் செத்துப்போனார்கள், அதில் ஒருவர் தியாகலிங்கம் அண்ணை, எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற முடக்கில். செத்தவீட்டில் எனக்குப் பின்னால் நின்ற ஆரோ சொன்னார்: வீட்டில ரேடியோ வைச்சிருந்த மனுசன், கேக்காமப் போட்டாரே. ஆர் சொன்னது என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த வசனம் கொழும்புக்கு வந்தது, விமானத்தில் ஏறியது, அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்தது, ஜேர்மன் பாசை படித்தபோது தானும் கூடவே இருந்து படித்தது, அங்கே இப்படியான ஒட்டுக்கு ஒரு பெயர் இருந்தது, குளிர் ஒட்டு, பார்க்கப் பிடித்தமாதிரி இருக்கும், பிடித்திருக்காது, எப்போது விடும் என்று சொல்ல ஏலாது. வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டபோது, முன்பின் தெரியாத நாட்டில் ஒருத்தன் எழும்பி நின்று என் பெயரைச் சொன்னமாதிரி இருந்தது.

மறுநாள் காலை நான் அந்த முடக்குக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, அல்லது தெரியும், ஏதாவது ஒரு வயர்த் துண்டு கிடக்கிறதா என்று பார்க்கப் போனேன். வயர் இல்லை. ஆரோ மண் போட்டு மூடியிருந்தார்கள். மதகின் வாயில், நனைந்த பேப்பரில் சுற்றினபடி ஒரு பாதிச் சவர்க்காரம் கிடந்தது, நூலால் நேராக வெட்டின பாதி, எறும்புகூட அண்டவில்லை. அந்த நாட்களில் சவர்க்காரம் என்றால் என்ன விலை, பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்த காலம். எவருடைய பையில் இருந்து விழுந்ததோ என்று எடுத்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன், அம்மாவும் நானும் ஒரு மாதம் அதில் முகம் கழுவினோம். சந்தன வாசம். இப்போது ஏன் சவர்க்காரத்தை நினைக்கிறேன், ஸ்குரூவைப் பார், நாலாவது ஸ்குரூ இன்றைக்கும் மறுக்கிறது, பிறேமனில் இருந்து கொண்டுவந்த நல்ல திருப்புளியையும் மறுக்கிறது, அமத்திப் பிடித்து, அமத்தி, வந்துவிட்டது. மூடி கழன்றது. உள்ளே இருந்து ஒரு வாசம், தூசியும் மெழுகும் பழைய கடதாசியும். ஸ்பீக்கர்க் கடதாசியில் ஓட்டை இல்லை, பூச்சி அரிக்கவில்லை. சுருள்களின் மேல் விட்ட மெழுகு உடையாமல் இருக்கிறது, உடையாத மெழுகு பெரிய சாட்சி, அங்கே ஒருவரும் தோண்டவில்லை, செய்தவன் வைத்தது வைத்தபடி. பற்றறி வைக்கிற இடம் மட்டும் பச்சை பூத்து, ஸ்பிறிங் மண்ணாக உதிருகிறது, நான் கொண்டுவந்த புதுப் பற்றறிகளுக்கு வேலையில்லை. ஓட்டைக்கு உட்பக்கம், வயர்கள் இரண்டையும் சேர்த்து எட்டுப் போட்டுக் கட்டின என் முடிச்சு, வெளியே இருந்து எவர் இழுத்தாலும் ஒட்டில் இழுவை விழாதபடி. பெடியன் கெட்டிக்காரன். முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்குக் கம்பியைச் சூடாக்கப் பஞ்சி, சோம்பல். பூதக்கண்ணாடியைப் பொக்கற்றில் இருந்து எடுக்கிறேன். சிவப்பு வயர், மினுங்கின ஒட்டு, சரி. நீலம். நீலத்தைப் பார்க்கிறேன். சாம்பல் நிறம், திரண்ட மணல்மாதிரி, வயரைச் சுற்றி மயிரளவு வட்டக் கீறல். என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் சிவப்புப் பொட்டு வைத்திருப்பேன். குளிர் ஒட்டு. சந்தேகமே இல்லை. இருபத்தொன்பது வருடமாக நினைத்ததுதான், நினைத்த இடத்தில், நினைத்த நிறத்தில் இருக்கிறது, இதைப் பார்த்தால் ஏதோ ஒன்று முடிந்துவிடும் என்று நினைத்தேன், ஒன்றும் முடியவில்லை, தேத்தண்ணி ஆறுகிறது, அக்கா ஒரு பெட்டிக்கு நாடா ஒட்டுகிறா, நாடாவைப் பல்லால் கடிக்கிறா. கேள். இப்போது கேள்.

"இது அந்த நாளில நல்லாப் படிச்சதோ அக்கா?" கேட்க வந்த கேள்வி அது இல்லை, அதன் தம்பி. அக்கா நாடாவை விடுகிறா. "வயர் போட்ட அண்டைக்கே படிச்சது. சந்திக்கு அங்கால ஒழுங்கையில இருந்த பெடியன் ஒண்டு, ரூபன் எண்டு, அதுதான் போட்டுக் குடுத்தது. மத்தியானம் கொண்டு வந்து சைக்கிளைக் கவிட்டு வைச்சு நான் சுத்த, இவர் காதை வைச்சுக் கேட்டார். பிறகு அவர் சுத்த நான் கேட்டன். சுத்துறவருக்கு ரயர்ச் சத்தத்தில ஒண்டும் கேக்காதெல்லே. பாட்டுப் படிச்சது தம்பி. மூண்டு மாசத்துக்குப் பிறகு பாட்டு. மனுசன் குழந்தைப்பிள்ளை மாதிரி நிண்டு சிரிச்சவர்." படித்தது. நீல வயர் பிடித்திருந்தது. கண்ணாடியால் பார்த்த ஒட்டை மறுபடி பார்க்கிறேன், கீறல் அங்கேதான் இருக்கிறது, கீறலோடேயே பிடித்திருக்கிறது, அன்று, ரக்ரரில், விழுந்தபோது, இன்றுவரை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று உருளுகிறது. அப்படியென்றால் என்னால் இல்லை. என்னால் இல்லை. பிறகு ஏன் கேளாமல் போனார்? ரேடியோ படித்தால் ஆறேகாலுக்குக் கேட்டிருப்பார்தானே. "அண்ணை எப்பிடி," என்கிறேன், முழுவதும் வரவில்லை. அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொல்லுகிறா. "சந்தியில ஷெல் பட்டவர். அண்டைக்குத்தான். ரேடியோ இருந்தும் கேக்காமப் போட்டார் எண்டு சனம் கதைச்சது. நானும் ஒண்டும் சொல்லேல்லை. சைக்கிளை அவர் கொண்டு போட்டார் தம்பி. பிறகு ரேடியோ எப்பிடிப் படிக்கும்?"

சைக்கிள். ஒட்டைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், முடிச்சைப் பார்த்தேன், இருபத்தொன்பது வருடம் உள்ளே உள்ளே பார்த்தேன், சைக்கிளை நான் பார்க்கவில்லை. கரண்ட் மனுசனோடு ஏறிப் போய்விட்டது. ஆறேகாலுக்கு இந்த விறாந்தையில் இந்த ரேடியோ, நல்ல ரேடியோ, மெழுகு உடையாத ரேடியோ, இரண்டு வயரையும் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது, அதற்குள் கேட்க ஆளில்லாமல் செய்தி வந்து போயிருக்கிறது. கேள். தம்பிக் கேள்வியை விட்டுவிட்டு அண்ணன் கேள்வியைக் கேள். "ஏன் அக்கா வெளியில போனவர், அந்த நேரம்?" அக்கா சிரிக்கிறாவா, உதட்டின் ஒரு பக்கம் மட்டும். "அந்தப் பெடி ஒண்டும் வேண்டாம் எண்டு போட்டுதாம். இவருக்கு மனம் கேக்கேல்லை. இவ்வளவு வடிவாப் படிக்குது, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கேல்லையே எண்டு, சங்கக்கடையில தன்ர பங்குக்குக் கிடைச்ச சவர்க்காரத்தை நூலால ரெண்டா வெட்டி, பாதியை எனக்கு வைச்சிட்டு, பாதியைப் பேப்பரில சுத்திக்கொண்டு போனவர். சந்தன சோப். குடுத்திட்டு ஓடி வாறன் எண்டவர்." நான் என் கைகளைப் பார்க்கிறேன். கைகளில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் முகம் கழுவினோம். அம்மா கடைசித் துண்டை, கண்ணாடிமாதிரி மெலிந்துபோனதை, என் உள்ளங்கையில் ஒட்டவைத்து, நீயே போடு என்றா. ஒட்டு விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும், படிக்காத ரேடியோவைக் கட்டிக்கொண்டு அப்போதும் எங்கள் ஒழுங்கைக்குத்தான் வந்திருப்பார், ஏசிக்கொண்டு வந்திருப்பார், மத்தியானமே வந்திருப்பார், மத்தியானம் வந்தவர் ஷெல்லுக்கு முன்னமே திரும்பிப் போயிருப்பார், அப்படியென்றால் ஒட்டு விட்டிருக்கவேண்டும், இந்தச் சாம்பல் நிற ஒட்டு நியாயப்படி அன்றைக்கு விட்டிருக்கவேண்டும், பிடிக்காத ஒட்டு பிடித்ததால், கஞ்சிக்குப் போன பெடியன் நல்ல வேலைக்காரனாகப் போனதால். சிவப்புப் பொட்டை எங்கே வைப்பது? "அந்தப் பெடியன்," என்கிறேன். "ஆருக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போட்டுதாம். எங்கயெண்டாலும் நல்லா இருக்கட்டும். அவர் ஏன் போனவர் எண்டு அதுக்குச் சொல்லேல்லை நான். ஆரும் சொல்லவேண்டாம் எண்டு போட்டன். சின்னப்பிள்ளை, சுமக்குமே?" படலையடியில் மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நிற்கிறது. அக்கா எட்டிப் பார்த்து, அது அடுத்த வீட்டுக்கு என்கிறா. "இப்ப என்ன, எடுக்கிறியளோ? படிக்குதோ எண்டு பாக்காம எடுக்காதேங்கோ. பிறகு கனடாவுக்குப் போன் எடுத்து ஏசுவியள். பற்றறி போடுற இடம் பழுதெண்டா, அங்க பின்பக்கம் கோடியில சைக்கிள் நிக்குது, டைனமோ கிடக்குது."

சைக்கிளைக் கவிழ்த்து வைக்கிறேன், இருக்கையும் கைபிடியும் மண்ணில், சில்லுகள் வானத்தைப் பார்த்தபடி. இது அந்தச் சைக்கிள் இல்லை, கேட்டேன், இல்லை என்றா. நீல வயரை டைனமோவின் காலில் சுற்றுகிறேன், சிவப்பை அதன் உடம்பில். அக்கா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு மரக்குத்தியில் இருக்கிறா, காதை அதில் சாய்க்கிறா, கண்ணை மூடுகிறா. நான் பெடலைச் சுற்றுகிறேன். ரயரில் டைனமோ உராய்ந்து ஊளையிடுகிறது, அந்தச் சத்தத்தை நான் மறந்திருந்தேன், அது முற்றம் முழுக்க நிறைகிறது, எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்க்கலாம். குமிழை மெல்லத் திருப்புகிறா. நெற்றி சுருங்குகிறது. பிறகு விரிகிறது. உதடு அசைகிறது, படிக்குது என்றுதான் சொல்லியிருப்பா. நான் இன்னும் வேகமாகச் சுற்றுகிறேன், ஊளை கூடட்டும், இந்தச் சத்தத்துக்குள் எதைச் சொன்னாலும் சொன்னதாக இருக்காது, வாயைத் திறக்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அக்கா, சவர்க்காரம் கிடைச்சது. ரூபனுக்குக் கிடைச்சது. அம்மாவும் நானும் ஒரு மாசம் முகம் கழுவினனாங்கள்." அக்கா கண்ணைத் திறக்கவில்லை. காது ரேடியோவில்தான் இருக்கிறது. ஒரு கையை மட்டும் தூக்குகிறா, நில் என்பதுபோல, அல்லது நிற்பாட்டாதே என்பதுபோல, கை அங்கேயே நிற்கிறது, கனநேரம், கன்னத்தால் ஒரு கோடு இறங்கி நாடியில் வந்து தங்குகிறது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் வேகமாக. அப்போது அவவின் குரல், ஊளைக்கு மேலால், சங்கக்கடை வரிசையில் கத்திப் பழகின குரல், எனக்குக் கேட்கிறது.

"எரிஞ்சிடுமடா. மெதுவாச் சுத்து. மூச்சு விடுற வேகத்தில எண்டு நீதானே சொன்னனீ."